இருபது ரூபாய்தானே!

பெரிய அநியாயங்களை எதிர்த்து நின்றவர்களைப் பற்றி உலகத்தில் நிறைய எழுதியாகிவிட்டது. ஒரு காற்சிலம்புக்காக நீதி கேட்டு அரசவைக்குப் போன பெண்ணைப் பற்றி நமக்கு ஒரு காவியமே இருக்கிறது. ஆனால் சில்லறை அநியாயத்தை எதிர்த்தவனைப் பற்றி யாரும் காவியம் பாடியதாகத் தெரியவில்லை. பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் நியாயம் கேட்கிறவனுக்கு நம் ஊரில் இரண்டு பட்டங்கள்தாம் தயாராக இருக்கின்றன. பணம் இல்லாதவனாக இருந்தால் வம்புக்காரன். பணம் உள்ளவனாக இருந்தால் கஞ்சன்.

இந்தப் பட்டங்கள் நியாயமானவைதானா என்று சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாம் ஒன்றும் பணத்தை அலட்சியம் செய்கிற ஜனங்கள் அல்ல. கீரைக்காரியிடம் ஒரு கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்கிறோம். ஆட்டோக்காரரிடம் தொண்டை வறளப் பேசுகிறோம். அதே நாம் பெரிய கடை ஒன்றின் அடித்தளத்துக்குள் ஸ்கூட்டரை இறக்கும்போது, ஒருவன் ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினால், எவ்வளவு, எதற்கு, யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிடுகிறோம். கீரைக்காரி வாயால் விலை சொல்கிறாள். அதனால் அவளோடு வழக்காடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. சீட்டோ அச்சடித்தது, வரிசை எண் போட்டது. அச்சடித்த காகிதத்தின்மேல் நமக்கு இருக்கும் பக்தி கோயில் விபூதியின்மேல்கூட இல்லை!

வண்டி நிறுத்தக் கூலி என்பது எங்கள் பக்கத்துக்குப் பழைய சங்கதிதான். பஸ் நிலையத்தை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பணம் கொடுக்காதவர் யார்? ஆனால் அங்கே விஷயமே வேறு. ஸ்டாண்டுக்காரருக்கு அதுதான் தொழில். காலையில் விட்ட வண்டியை இரவு வரை காத்துக் கொடுப்பார். அந்தக் காவலுக்குக் கூலி. நான் சொல்லுவது, பொருள் விற்பதற்காகக் கடை வைத்துக்கொண்டு, அந்தப் பொருளை வாங்க வந்தவனிடமே வாசலில் ஒரு கட்டணம் வாங்குகிற வழக்கத்தை.

கள்ளக்குறிச்சி 1993 வரை தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. பிறகு விழுப்புரத்தோடு போயிற்று. 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. மாவட்டத் தலைநகர் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் கூடவே மாடிகளும் வந்துவிடுகின்றன. சுற்றுவட்டாரத்து ஊர்களிலும் அதன் சாயல் விழுகிறது. கீழே மளிகை, மேலே ஜவுளி, அதற்கும் மேலே பாத்திரம், எல்லாவற்றுக்கும் அடியில் வண்டிகள் என்று கட்டிடங்கள் எழும்புகின்றன. அப்படிப்பட்ட ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் நான் போனேன். அது கள்ளக்குறிச்சியிலா, சின்னசேலம் போகும் பாதையிலா, சங்கராபுரம் பக்கமா என்று சொல்லப் போவதில்லை. கடையின் பெயர் இங்கே முக்கியமில்லை.

துவரம்பருப்பும் நல்லெண்ணெயும் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது ஓர் இளைஞன் சீட்டுப் புத்தகத்தோடு நின்றான். இருபது வயது இருக்கலாம்.

"இருவது ரூவா சார்."

"கடையில சாமான் வாங்கினாலுமா தம்பி?"

"வாங்கினாலும் வாங்காட்டியும் வண்டிக்கு இருவது சார்."

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடையின் பெயர் இல்லை. குத்தகைக்காரரின் பெயரும் இல்லை. நகராட்சி முத்திரையும் இல்லை. 'வண்டிக்கும் வண்டியில் உள்ள பொருள்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வாசகம் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. எந்த நிர்வாகம்? அது தெரிந்தால்தானே அது எதற்குப் பொறுப்பல்ல என்பதாவது விளங்கும்!

"இந்த வசூலை யாரு எடுத்திருக்காங்க தம்பி?"

"கான்ட்ராக்ட்டுங்க சார். சாயங்காலம் வந்து சீட்டு எண்ணிக் காசு வாங்கிக்கிட்டுப் போயிடுவாரு. ஒரு சீட்டு கொறஞ்சாலும் எங்க கூலியிலதான் புடிப்பாரு."

எனக்குப் பின்னால் நான்கைந்து வண்டிகள் உறுமத் தொடங்கிவிட்டன. பார்த்தால் ஓய்வுபெற்ற ஆசிரியர் போல இருந்த ஒரு பெரியவர், "குடுத்துட்டுப் போங்க சார், இருபது ரூபாய்தானே!" என்றார். கொடுத்தேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெரியவர் சொன்ன 'தானே' என்ற சொல்தான் இந்தக் கட்டுரைக்கு மூலம்.

அந்தத் 'தானே'யைச் சற்று எடைபோட்டுப் பார்க்கலாம். ஒரு பேச்சுக்கு நாளொன்றுக்கு ஐந்நூறு வண்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் ரூபாய். வருஷத்துக்கு முப்பத்தாறரை லட்சம். கொடுத்தவர்களில் ஒருவருக்கும் வலிக்கவில்லை. வாங்கியவருக்கோ ஒரு வீடு கட்டப் போதும். ஒரே ஆளிடம் முப்பத்தாறு லட்சத்தைப் பறித்திருந்தால் ஊர் கூடியிருக்கும், போலீஸ் வந்திருக்கும், பத்திரிகையில் போட்டோவோடு செய்தி வந்திருக்கும். அதையே இருபது இருபதாகப் பிய்த்து எடுத்தால், கேள்வி கேட்கிறவனைத்தான் ஊர் விநோதமாகப் பார்க்கிறது. ஒரு தொகை சிறியதாக இருப்பதே அதற்கு அரணாகிவிடுகிறது. எதிர்க்க ஆகும் செலவு எப்போதும் அதைவிடப் பெரிதாக இருக்கும்படி அதை நிர்ணயித்தவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்துச் சரித்திரத்தில் ஜான் ஹாம்டன் என்று ஒருவர். முதலாம் சார்லஸ் மன்னன் பாராளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் 'கப்பல் பணம்' என்று ஒரு வரி விதித்தான். ஹாம்டனுடைய ஒரு நிலத்துக்கு வந்த பங்கு இருபது ஷில்லிங். அவர் பெரிய செல்வந்தர். இருபது ஷில்லிங் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் கொடுக்க மாட்டேன் என்று 1637இல் வழக்குக்கு நின்றார். பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் மன்னன் பக்கம்; ஐந்து பேர் அவர் பக்கம். வழக்கில் தோற்றார். ஆனால் நான்கே வருஷத்தில் பாராளுமன்றம் அந்த வரியையே சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டது. அவரைச் சரித்திரத்தில் யாரும் கஞ்சன் என்று எழுதவில்லை.

நம் நாட்டிலும் ஓர் இருபது உண்டு. 1999 டிசம்பரில் மதுரா ரயில் நிலையத்தில் ஒரு வக்கீல் இரண்டு டிக்கெட் வாங்கினார். எழுபது ரூபாய்க்குப் பதில் தொண்ணூறு ரூபாய் எடுத்துக்கொண்டார்கள். அதிகமாகப் போன இருபது ரூபாய்க்காக அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். நூறு தடவைக்கு மேல் வாய்தா. 2022 ஆகஸ்டில், அதாவது இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, இருபது ரூபாயை வட்டியோடு திருப்பிக் கொடுக்கும்படியும் மேற்கொண்டு பதினைந்தாயிரம் ரூபாய் கொடுக்கும்படியும் ரயில்வேக்கு உத்தரவாயிற்று. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று சற்று நிதானித்தால், இருபது ரூபாய்க்கு இருபத்திரண்டு வருஷம் எடுத்துக்கொண்ட ஏற்பாட்டைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறேன் என்று புரிகிறது.

சரி, கடைக்காரர் தம் சொந்த இடத்தில் வண்டி நிறுத்த வாடகை கேட்கிறார். இதில் அநியாயம் எங்கே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இடம் அவருடையதுதான். ஆனால் அந்த இடம் எப்படி உண்டாயிற்று என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கட்டிடம் கட்ட 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் இருக்கின்றன. இத்தனை பரப்புக்குக் கடை கட்டினால் இத்தனை வண்டிக்கு இடம் விட வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. இடம் காட்டாவிட்டால் வரைபடத்துக்கு அனுமதி கிடையாது. ஒரு மனையில் இவ்வளவுதான் கட்டலாம் என்று ஒரு வரம்பும் உண்டு. வண்டிக்காக ஒதுக்கும் பரப்பை அந்த வரம்புக்குள் சேர்ப்பதில்லை. அதாவது, 'உன் கடைக்கு வருகிறவர்களின் வண்டிகள் சாலையை அடைக்காமல் பார்த்துக்கொள். அதற்கு விடும் இடத்தை உன் கணக்கில் எழுதமாட்டோம்' என்று ஊர் கடைக்காரரோடு செய்துகொண்ட உடன்படிக்கை அது. ஊருக்குச் செய்ய ஒப்புக்கொண்ட கடமையை ஊருக்கே விலைக்கு விற்பது எந்த வியாபாரத்தில் சேர்த்தி?

அதன் பலனையும் கண்ணால் பார்க்கலாம். சீட்டுக்குப் பயந்தவர்கள் அடித்தளத்துக்குள் போவதில்லை. வண்டியைச் சாலையோரத்திலேயே நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அடித்தளம் பாதி காலியாகக் கிடக்கிறது. கரும்பு ஏற்றிய டிராக்டரும் கச்சிராயபாளையம் பஸ்ஸும் ஒன்றையொன்று முட்டாமல் போவதற்கு அரை மணி ஆகிறது. விதி எதற்காக எழுதப்பட்டதோ அதற்கு நேர் விரோதமான காரியத்தை அந்த இருபது ரூபாய் செய்துமுடித்துவிடுகிறது.

கோர்ட்டுகள் இதில் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குஜராத் உயர்நீதிமன்றம் 2019 ஜூலையில், மால்களும் தியேட்டர்களும் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சொல்லியது. தெலுங்கானா சர்க்கார் 2018இல் ஒரு நடுவழி கண்டுபிடித்தது: முதல் அரை மணிக்குக் காசு இல்லை, ஒரு மணி வரை, ஏதாவது வாங்கிய பில்லைக் காட்டினால் காசு இல்லை, அதற்கு மேல், பில் தொகை கட்டணத்தைவிட அதிகமாக இருந்தால் காசு இல்லை. சென்னையில் ஒரு மாலில் 80 ரூபாய் கட்டணம் கொடுத்த ஒருவர் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, 2025இல் அவருக்கு 12,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. கேரள உயர்நீதிமன்றமோ கொச்சி லுலு மால் வழக்கில் அதே 2025இல் வேறு பக்கம் நின்றது; நகராட்சியின் உரிமம் பெற்றிருந்தால் கட்டிடக்காரர் கட்டணம் வாங்கலாம் என்று சொல்லிவிட்டது. எதிரெதிராகத் தோன்றும் இந்தத் தீர்ப்புகளிலும் எனக்கு ஒன்று பொதுவாகத் தெரிகிறது. கேரளத்திலும் உரிமம் உண்டா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு ஒரு பதிலும் இருந்தது. எங்கள் ஊர்ச் சீட்டில் பெயரே இல்லை!

இங்கே எனக்கு நானே ஒரு தடை எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாசகர்களில் யாராவது எழுப்புவதற்கு முன் நானே எழுப்பிவிடுவது நல்லது.

டொனால்ட் ஷூப் என்று ஓர் அமெரிக்கப் பேராசிரியர் இருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் வேலை பார்த்தவர், 2025இல் காலமானார். இலவசமாக வண்டி நிறுத்த இடம் கொடுப்பதால் நகரங்களுக்கு ஆகும் செலவைப் பற்றி 2005இல் தலையணை அளவுக்கு ஒரு புத்தகம் எழுதினார். அவர் வாதம் எளிமையானது. இலவச நிறுத்துமிடம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. நிலத்துக்கு விலை உண்டு. சிமெண்டுக்கு விலை உண்டு. விளக்குக்கும் காவலுக்கும் விலை உண்டு. வண்டிக்காரன் கொடுக்காவிட்டால் அது அரிசி விலையிலும் பருப்பு விலையிலும் ஏறிவிடும். அப்போது வண்டி இல்லாதவனும் சேர்ந்து கொடுப்பான்.

இது என்னைத் தூங்கவிடாத வாதம். வெள்ளிமலையிலிருந்து ஒரு பெண் விடியற்காலைப் பஸ்ஸில் ஏறி, கோமுகி அணையைத் தாண்டி இறங்கி, கடுக்காயோ புளியோ விற்ற பணத்தில் அதே கடையில் எண்ணெய் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு வண்டி இல்லை. என் ஸ்கூட்டர் நிழலில் நிற்பதற்கு அவள் எண்ணெய் விலையிலிருந்து ஐந்து காசு போகிறது என்றால், நியாயத்தைப் பற்றி உபந்நியாசம் செய்ய எனக்கு என்ன யோக்யதை?

ஆகவே, கட்டணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஊர் கூடி, வண்டிக்காரர்கள்தாம் வண்டியின் செலவைத் தாங்க வேண்டும் என்று முடிவு செய்தால் சந்தோஷமாகக் கொடுப்பேன். ஆனால் அந்தச் சீட்டினால் மலையிலிருந்து வந்த பெண்ணுக்கு எண்ணெய் ஐந்து காசு மலிவாகக் கிடைத்ததா? விலை அப்படியேதான் இருந்தது. இருபது ரூபாய் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்தது. ஷூப்பின் வாதத்தைச் சொல்லிக்கொள்ளக் கடைக்காரருக்கு உரிமை வர வேண்டுமானால், அவர் முதலில் கணக்கைக் காட்ட வேண்டும்.

மேல்நாட்டில் இது எங்கே போய் முடிந்திருக்கிறது என்பதும் பார்க்கத் தக்கது. இங்கிலாந்தில் செம்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு கடை வளாகம். இரண்டு மணி நேரம் வண்டி நிறுத்த இலவசம். அதற்கு மேல் நின்றால் 85 பவுன் அபராதம். வசூலிப்பது ஒரு தனியார் கம்பெனி. ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிகம் நிறுத்திவிட்டு, இது அக்கிரமம் என்று மேல்மேலாக வழக்காடினார். 2015 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். காரணம் என்ன? வளாகம் முழுவதும் பெரிய எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள். வண்டிகள் மாறி மாறி வந்து போக வேண்டும் என்பதில் கடைகளுக்கு நியாயமான அக்கறை உண்டு. தொகையும் மிதமிஞ்சியதல்ல என்றார்கள். ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். அந்த நாட்டில்கூட, வண்டிச் சக்கரத்தைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் தனியார் வேலையை 2012லேயே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். வழக்கில் அந்த மனிதர் தோற்றார். ஆனால் எந்த நிபந்தனையில் வாங்கலாம் என்பது எழுத்தில் வந்துவிட்டது: முன்கூட்டிச் சொல்ல வேண்டும், காரணம் இருக்க வேண்டும், அளவு இருக்க வேண்டும்.

அதோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: வாங்கினால் பொறுப்பும் ஏற்க வேண்டும். டில்லியில் ஒரு பெரிய ஹோட்டலில் வண்டியைச் சாவியோடு ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார் ஒருவர். திரும்பி வந்தபோது வண்டி இல்லை. 'உங்கள் சொந்தப் பொறுப்பில்தான் விட்டீர்கள்' என்று ஹோட்டல்காரர்கள் சீட்டைக் காட்டினார்கள். நம் உச்சநீதிமன்றம் 2019 நவம்பரில் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, தன் ஊழியரின் கவனக்குறைவுக்குச் சீட்டு வாசகத்தைக் காட்டித் தப்ப முடியாது என்று சொல்லியது. எங்கள் ஊரில் சாவியை வாங்குவதில்லைதான். ஆனால், காவலும் இல்லை, பொறுப்பும் இல்லை, இடமோ விதிப்படி விட்டே தீர வேண்டிய இடம் என்றால், இருபது ரூபாய் எதன் விலை?

வசூலைப் பற்றிப் பேசும்போது எங்கள் மலையின் ஞாபகம் வராமல் இருக்காது. சோழ அரசர்களில் முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பேர். கோட்டை பிடித்ததையும் கடல் கடந்ததையும்விட, ஒரு வசூலை நிறுத்தியதற்காக ஒரு ராஜாவை ஜனங்கள் தொள்ளாயிரம் வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் கல்வராயன் மலையில் சுங்கம் தவிர்ப்பார் வெகுகாலம் வரவில்லை. அங்கே மூன்று ஜாகிர்கள் இருந்தன. நாடு 1947இல் சுதந்திரம் அடைந்தது; கீழே ஜமீன்கள் போயின; தேர்தல்கள் வந்தன. மலையில் மட்டும் ஜாகிர்தார்களின் அதிகாரம் 1976 வரை நீடித்தது. மலையாளி என்று பேர் கொண்ட அந்தப் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வெட்டி வேலை செய்தார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான். 2024இல்கூட அந்த மக்களின் நிலையைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஸ்கூட்டர் சீட்டையும் வெட்டி வேலையையும் ஒரு தராசில் வைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது அந்த மக்களின் கஷ்டத்தைக் கேலி செய்வதாகும். ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை. ஒரு வசூல் நிலைத்து நிற்பதற்கு அதை வாங்குகிறவனின் பலம் மட்டும் போதாது, 'எந்த உத்தரவுப்படி?' என்று கேட்க ஆள் இல்லாமலும் இருக்க வேண்டும். மலையில் கேட்டால் அடி விழும் என்று பயம். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. கீழே நமக்கு என்ன பயம்? பின்னால் நிற்கிற வண்டிக்காரர் முகம் சுளிப்பாரே என்ற பயம். அவ்வளவுதான்!

நான் கடைக்கு ஒரு கடிதம் எழுதினேன். கட்டணம் வாங்க நகராட்சியின் அனுமதி உண்டா, சீட்டில் ஏன் யார் பெயரும் இல்லை, பொருள் வாங்கியவருக்கும் கட்டணம் ஏன் என்று மூன்று கேள்விகள். நான்காம் நாள் மேலாளர் போனில் கூப்பிட்டார். மிகவும் மரியாதையான மனிதர்.

"நீங்க எழுத்தாளர்னு தெரியாமப் போச்சுங்க சார். பையன்கிட்ட சொல்லிட்டேன். உங்க வண்டி நம்பரை மட்டும் குடுத்துடுங்க. இனிமே உங்ககிட்ட வாங்க மாட்டாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை, வியப்புத்தான் வந்தது. என் கேள்வி அவர் காதில் எப்படி விழுந்திருக்கிறது பாருங்கள்! நான் நியாயம் கேட்டேன். அவர் சலுகை கேட்டதாக எடுத்துக்கொண்டார். கேட்கிறவனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டால் வசூலுக்கு ஆபத்தில்லை என்பதைத் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. இந்த வலையில் விழுந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பத்திரிகைக்காரர், அதிகாரி, வக்கீல் என்று வாய் உள்ளவர்களையெல்லாம் ஒவ்வொருவராக விலக்கிவிட்டால், மிஞ்சுவது வாயில்லாதவர்கள். இருபது ரூபாயை உண்மையிலேயே எண்ணிப் பார்த்துக் கொடுக்கிறவர்கள் அவர்கள்தாம். வண்டி நம்பரை நான் கொடுக்கவில்லை. "வேண்டாங்க. எல்லாருக்கும் என்ன பதிலோ அதை எழுதி அனுப்புங்க" என்றேன். அவர் அனுப்பவில்லை.

அடுத்த முறை போனபோது அந்த இளைஞன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். சீட்டைக் கிழிக்காமல் பக்கத்தில் வந்து நின்றான். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர்க்காரன் என்று பேச்சில் தெரிந்தது. பிளஸ் டூ முடித்திருக்கிறான்.

"சார், நீங்க லெட்டர் போட்டிருக்கீங்கன்னு சொன்னாங்க. காசு வாங்க வேணாம்னு ஆயிட்டா எங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா சார்?"

ஹாம்டனையும் குஜராத் உயர்நீதிமன்றத்தையும் வைத்துக்கொண்டு நான் கட்டியிருந்த வாதம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் வாயடைத்து நின்றது. வாங்குகிற பணத்தில் ஒரு காசும் அவனுக்குச் சொந்தமில்லை. குறைந்தால் மட்டும் அவனுடையது. ஆனால் வசூல் நின்றால் முதலில் போவது அவன் கூலிதான். சுரண்டலை எதிர்க்கிறவனுக்கும் அதைச் செய்விக்கிறவனுக்கும் நடுவே எப்போதும் இப்படி ஓர் ஏழை நிறுத்தப்பட்டிருக்கிறான். நம் குரல் அவன்மேல்தான் படுகிறது. அவனோடு சண்டை போட்டு, சீட்டை அவன் முகத்தில் வீசிவிட்டுப் போவதை வீரம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாசலில் கொடுத்துவிட வேண்டும். கேட்க வேண்டியதை மாடியில் கேட்க வேண்டும்.

அவன் செய்கிற வேலையும் தேவையான வேலைதான். வண்டிகளை வரிசையாக நிறுத்தச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் அரை மணியில் அடித்தளம் குப்பைமேடாகிவிடும். பில் போடுகிற பெண்ணுக்கு வாடிக்கைக்காரரா தனியாகக் கூலி கொடுக்கிறார்? கடைதானே சம்பளம் கொடுக்கிறது? வண்டி பார்க்கிறவனுக்கும் கடை கொடுக்கலாம். கொடுக்குமா என்பது வேறு. கொடுக்கும் என்று அவனிடம் நான் உறுதி சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? "அப்படி அனுப்பிட்டாங்கன்னா எனக்குச் சொல்லு தம்பி, அதையும் எழுதறேன்" என்றேன். அவனுக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. எழுத்தாளர்களின் வாக்குறுதிக்கு மலையில் என்ன மதிப்பு என்று அவனுக்குத் தெரியும் போலிருக்கிறது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். நானும் இருபது ரூபாய் கொடுத்தேன்.

இனி நான் செய்யக்கூடியது சொற்பம். ஆனால் ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு வெள்ளைக்காகிதத்தில் எழுதிப் பத்து ரூபாய்க்குக் கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கட்டிடத்துக்கு ஒப்புதல் கொடுத்த வரைபடத்தின் நகல் வேண்டும். அதில் அடித்தளம் எதற்கென்று குறிக்கப்பட்டிருக்கிறது. கட்டணம் வசூலிக்க யாருக்காவது உரிமம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இத்தகைய சிறு தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும். சீட்டு இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

என் மனைவி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஸ்டாம்ப், பதிவுத் தபால், வரைபட நகலுக்குக் கட்ட வேண்டிய பணம் எல்லாம் சேர்த்தால் இதற்குள்ளேயே நான்கு தடவை வண்டி நிறுத்தியிருக்கலாமாம். கணக்குச் சரிதான். மனுப் போட்டு இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. தபால்காரர் பதினோரு மணி வாக்கில் வருவார்.